வீட்டுக் கணினிக்கு இரண்டாவது ஹார்ட் டிஸ்க்: ஏரிக்கரை ஊர்களில் இருப்போர் கவனிக்க வேண்டியவை

ஒரு வீட்டுக் கணினியில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்துவது, நான்கு திருகுகளும் இரண்டு கேபிள்களும் கையில் இருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிற வேலை. அதை எதற்காகப் பொருத்த வேண்டும் என்ற கேள்விக்கு விடை காண்பதற்குத்தான் கூடுதல் நேரம் பிடிக்கும். இருக்கும் இடம் நிறைந்துவிட்டதால் வாங்கப்படும் டிஸ்க் ஒரு வகை. இருப்பவை அழிந்துபோகாமல் காப்பதற்காக வாங்கப்படும் டிஸ்க் வேறு வகை. ஒரே பொருள் இந்த இரண்டு வேலைகளையும் சேர்த்துச் செய்துவிடும் என்று நம்பி, பழைய டிஸ்க்கிலிருந்த படங்களைப் புதியதற்கு மாற்றிவிட்டுப் பழையதை அழித்துவிடுகிறவர்கள், இரண்டு டிஸ்க்குகளை வைத்துக்கொண்டும் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பிரதியோடுதான் இருக்கிறார்கள் என்பதை உணர்வதில்லை.

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியமானது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்குத் தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி என்று நீர்நிலைகளைச் சுற்றியே வளர்ந்த ஊர்கள் இவை. ஏரியின் உபரிநீர் ஓடிய கால்வாய்களை ஒட்டியும் மறித்தும் மனைகள் எழுந்துவிட்டதால், வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஆண்டுகளில் தரைத்தள வீடுகளுக்குள் நீர் புகுவது இங்கே புதிதல்ல. 2015 டிசம்பரில் பெய்த மழையும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலோடு வந்த மழையும் இதைக் கண்முன் காட்டின. மிக்ஜாம் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பல பட்டறைகளுக்குள் நீர் நின்றது. இயந்திரங்களோடு அலுவலக அறையின் மேசைக்கடியில் தரையில் வைக்கப்பட்டிருந்த கணினிகளும் அதில் நனைந்தன.

அந்தக் கணினிகளில் இருப்பவை என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொழிற்பேட்டையைச் சார்ந்து லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர்களில் பலருக்கு, பகலில் பட்டறையும் இரவில் வீட்டுக் கணினியும்தான் அலுவலகம். டேலியில் ஏற்றிய கணக்கு, டெலிவரி சலான்கள், வாடிக்கையாளர் அனுப்பிய வரைபடங்கள், சிஎன்சி இயந்திரத்துக்கு எழுதிய புரோகிராம்கள் ஆகிய எல்லாமே அதில்தான் இருக்கின்றன. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஓர் ஆண்டுக்கான வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடுநாளிலிருந்து 72 மாதங்கள் வரை அந்த ஆண்டின் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்வதால், ஆறு ஆண்டுக்கும் மேலான பதிவுகள் எப்போதும் கைவசம் இருந்தாக வேண்டும். இவற்றோடு அதே கணினியில் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றின் ஸ்கேன்களும், பிள்ளைகளின் சான்றிதழ்களும், கல்யாண வீடியோவும், மறைந்துபோன பெரியவர்களின் குரல் பதிவுகளும் சேர்ந்திருக்கும். கணக்கைத் தணிக்கையாளரிடமிருந்து மீட்டுவிடலாம். குரலை யாரிடமிருந்தும் மீட்க முடியாது.

எவ்வளவு இடம் வேண்டும்?

இடத்தைக் கணக்கிடும்போது எழுத்துக் கோப்புகளைப் பொருட்படுத்தத் தேவையில்லை. இடத்தை விழுங்குவது வீடியோதான். நொடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் பதிவாகும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும் என்பதால், முகூர்த்தமும் வரவேற்புமாகப் பத்து மணி நேரம் எடுக்கப்பட்ட கல்யாணத்தின் மூலப்பதிவு மட்டுமே 450 ஜிபியைத் தொட்டுவிடும். ஆகவே வீடியோ சேர்ப்பவர்களுக்கு 2 டிபி அல்லது 4 டிபியும், கணக்கும் படங்களும் மட்டுமே உள்ளவர்களுக்கு 1 டிபியும் பொருத்தமாக இருக்கும். 1 டிபி என்று அட்டையில் அச்சிட்ட டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவதைப் பார்த்துக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாக எண்ணுகிறார். விண்டோஸோ 1,024ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107 கோடியே சொச்சம் பைட்டை ஒரு ஜிபியாக எண்ணுகிறது. டிஸ்க்கில் குறைவது எதுவும் இல்லை.

எந்த வகை?

ஹார்ட் டிஸ்க் எனப்படுவது, காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, அவற்றின் மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் முனைகள் தகவலை எழுதவும் படிக்கவும் செய்கிற கருவி. எஸ்எஸ்டி என்பது சுழலும் உறுப்பே இல்லாமல் மின்னணுச் சில்லுகளில் தகவலைத் தேக்கிவைப்பது. வேகத்தில் பல மடங்கு மேலானது, ஒவ்வொரு ஜிபிக்கும் ஆகும் விலையிலும் கூடுதலானது. விண்டோஸையும் அன்றாட மென்பொருள்களையும் எஸ்எஸ்டியில் வைத்து, பெரிய கோப்புகளை ஹார்ட் டிஸ்க்கில் வைப்பது வீட்டுக்கு ஏற்ற ஏற்பாடு. எடுத்து அலமாரியில் வைக்கும் பிரதிக்கும் ஹார்ட் டிஸ்க்கே பொருத்தமானது. மின்சாரமே காணாமல் நெடுங்காலம் கிடக்கும் எஸ்எஸ்டியின் சில்லுகளில் தேங்கிய மின்னேற்றம் மெல்லக் கசிந்து, தகவல் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

இணைப்பு முறையைப் பொறுத்தவரை, 2003 முதல் பரவிய சாட்டா என்ற முறையே ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. அதற்கு முன்பிருந்த ஐடிஇ முறையில் 40 ஊசிகள் கொண்ட அகலமான பட்டைக் கேபிளில் இரண்டு டிஸ்க்குகளைக் கோத்து, ஒன்றை மாஸ்டர் என்றும் மற்றதை ஸ்லேவ் என்றும் சின்னஞ்சிறு ஜம்பரை மாற்றிச் செருகித் தீர்மானிக்க வேண்டியிருந்தது; சாட்டாவில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனிக் கேபிள் என்பதால் அந்தத் தொல்லை ஒழிந்தது. எம்.2 என்ற சிறு பள்ளத்தில் நேரடியாகச் செருகும் எஸ்எஸ்டிகள் அண்மைக்கால மதர்போர்டுகளில் உண்டு. ஆனால் பல மதர்போர்டுகளில் அந்தப் பள்ளத்தை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழந்துவிடும் என்பதால், வாங்குவதற்கு முன் மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ரிட்சி தெருவில் கவனிக்க வேண்டியவை

ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் நிலையத்தில் இறங்கி, சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்துக்குச் சென்றால், அண்ணா சாலையை ஒட்டிய ரிட்சி தெரு நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது. அங்கே புதிய டிஸ்க்கும் கிடைக்கும். ரீஃபர்பிஷ்ட் எனப்படும், முன்பு எங்கோ ஓடித் துடைத்துத் தரப்படும் டிஸ்க்கும் கிடைக்கும். பின்னதன் விலை ஆசையூட்டும். அதன் வயதை அறிய வழி உண்டு: ஒவ்வொரு டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் உடல்நிலைக் குறிப்புகளைத் தானே எழுதிவைத்துக்கொள்கிறது, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அவற்றைப் படித்துக் காட்டும். பவர்-ஆன் ஹவர்ஸ் என்ற வரி அது எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைச் சொல்லும். ஓயாமல் ஓடிய டிஸ்க்குக்கு ஓர் ஆண்டு என்பது 8,760 மணி என்பதால், அங்கே 35,000 என்று இருந்தால் நான்கு ஆண்டுகள் இரவுபகலாக உழைத்துவிட்டது என்று பொருள். இந்த எண்ணையும் அழித்து விற்பவர்கள் உண்டாதலால், ஜிஎஸ்டி பில்லோடு வாங்கி, டிஸ்க்கின் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு வாரண்டி எஞ்சியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவதே உறுதியான வழி.

வெள்ளத்துக்கும் டிஸ்க்கின் விலைக்கும்கூட ஒரு தொடர்பு இருந்திருக்கிறது. 2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தபோது, பாங்காக்குக்கு வடக்கே இருந்த தொழிற்பேட்டைகள் மூழ்கி, வெஸ்டர்ன் டிஜிட்டலின் தொழிற்சாலையும் டிஸ்க் மோட்டார்களைச் செய்த நிடெக் நிறுவனத்தின் ஆலைகளும் நின்றுபோயின. உலகச் சந்தைக்கான டிஸ்க்குகளில் பெரும்பங்கு அந்த நாட்டிலிருந்தே வந்ததால், தட்டுப்பாடு ஏற்பட்டு விலை பல மாதங்களுக்கு உயர்ந்தே இருந்தது. தாழ்வான நிலத்தில் தொழிற்பேட்டை அமைத்ததன் விளைவு அங்கும் இங்கும் ஒன்றாகவே இருப்பதை அம்பத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பொருத்தும் முறை

கணினியை ஷட் டவுன் செய்து, பின்புறமுள்ள எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய பிறகு, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற வேண்டும். எஸ்எம்பிஎஸ் என்பது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற தாழ்ந்த அழுத்தங்களாக மாற்றித் தரும் பெட்டி. சாலைப் புழுதியும் பட்டறைப் பொடியும் மிகுந்த இந்த வட்டாரத்தில், உள்ளே படிந்திருக்கும் தூசியை மெல்லிய தூரிகையால் அப்போதே அகற்றிவிடுவது நல்லது; டிஸ்க்கின் ஆயுளைக் குறைப்பவற்றுள் வெப்பமும் ஒன்று, தூசி அடைத்த விசிறி அந்த வெப்பத்தைக் கூட்டும்.

மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்கை அதற்கான கூண்டில் நுழைத்து இருபக்கமும் திருக வேண்டும். இங்கே சிறியதொரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது: ஹார்ட் டிஸ்க்குக்கு உரிய திருகின் மரை சற்றே அகலமானது, எஸ்எஸ்டிக்கும் டிவிடி டிரைவுக்கும் உரிய திருகின் மரை நெருக்கமானது. ஒன்றை மற்றதன் துளையில் வலிந்து திருகினால் அலுமினிய உடலில் மரை அழிந்து, அதன் பின் எந்தத் திருகும் பிடிக்காது. பிடிப்பில்லாத டிஸ்க் அதிரும். அதிர்வு அதற்குப் பகை. விரலால் இரண்டு சுற்று தடையின்றிச் சுழன்றால் மட்டுமே திருப்புளியைத் தொட வேண்டும்.

அடுத்து இரண்டு கேபிள்கள். எல் வடிவ வாயுள்ள 7 முனைக் கேபிள் மதர்போர்டின் சாட்டா போர்ட்டிலிருந்து தகவலைக் கொண்டுவரும். அதே வடிவத்தில் அகலமான 15 முனைக் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவரும். எல் வடிவம் தவறாகச் செருகுவதைத் தடுப்பதற்காகவே அமைந்ததால், நுழையவில்லை என்றால் திருப்பிப் பார்க்க வேண்டுமே தவிர அழுத்தக் கூடாது. மின்சார முனை போதவில்லை என்று பழைய நான்கு முனை மோலெக்ஸிலிருந்து மாற்றித் தரும் மலிவான இணைப்பிகளை வாங்குவோர், கம்பிகளை அச்சில் வார்த்து மூடிய வகையைத் தவிர்க்க வேண்டும். அவற்றுள் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பற்றிய நிகழ்வுகள் உண்டு. மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடிகளில் 20 முதல் 25 வாட் வரை இழுக்கும் என்பதால், வயதான மலிவு எஸ்எம்பிஎஸ் உள்ள கணினியில் அதையும் சேர்த்து மாற்றுவதே அறிவுடைமை.

மென்பொருளில் எழுப்புதல்

பொருத்தி முடித்துக் கணினியை இயக்கியவுடன் புதிய டிஸ்க் திஸ் பிசி திரையில் தெரியாவிட்டால் பதற வேண்டாம். அது இன்னும் பிரிவுகள் இடப்படாத வெற்று டிஸ்க். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைத் திறந்தால் இனிஷியலைஸ் செய்யச் சொல்லி எம்பிஆர், ஜிபிடி என்ற இரண்டு தெரிவுகளைக் காட்டும். இவை டிஸ்க்கில் எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் குறித்துவைக்கும், புத்தகத்தின் பொருளடக்கத்தைப் போன்ற அட்டவணைகள். பழைய எம்பிஆர் முறை 32 பிட் எண்களையே பயன்படுத்துவதால் ஏறக்குறைய 2.2 டிபிக்கு மேற்பட்ட இடத்தை அதனால் எண்ண முடியாது. 4 டிபி டிஸ்க்கில் பாதி இடம் காணாமல்போவதாகத் தோன்றுவது இதனால்தான். ஜிபிடியையே தேர்ந்தெடுத்து, நியூ சிம்பிள் வால்யூம் மூலம் ஓர் எழுத்தை ஒதுக்கி, என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்தால் வேலை முடிந்தது. லினக்ஸ் பயன்படுத்துவோர் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்து, யுயுஐடி எனப்படும் தனியடையாள எண்ணை எஃப்எஸ்டாப் கோப்பில் எழுதிவைத்தால், ஒவ்வொரு முறையும் டிஸ்க் தானே இணைந்துகொள்ளும்.

இந்தக் கட்டத்தில்தான் மிகக் கொடிய தவறு நேர்கிறது. திரையில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று மட்டுமே தெரியும்போது, பழைய டிஸ்க்கைப் புதியதென்று எண்ணி ஃபார்மட் செய்துவிடுவது எளிது. கொள்ளளவையும் மாடல் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சுட்டியை அழுத்த வேண்டும். முடியுமானால் ஃபார்மட் முடியும்வரை பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவைப்பது இன்னும் மேல், விண்டோஸ் உள்ள டிஸ்க்கே பழையது என்றால் அதற்கு இடமில்லை.

மின்வெட்டும் நச்சுநிரலும்

கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது, அதன் ஒரு பகுதி டிஸ்க்கை அடையாமல் நினைவகத்தில் காத்திருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பு அரைகுறையாக நிற்கும், சில வேளைகளில் கோப்புறையின் அமைப்பே குலைந்துபோகும். 600 விஏ யுபிஎஸ் ஒன்று தரும் சில நிமிடங்கள், எழுதுவதை முடித்து முறையாக அணைப்பதற்குப் போதும். இடி இடிக்கும் மாலைகளில் யுபிஎஸ்ஸையும் நம்பாமல், மின்கம்பியோடு இணையக் கம்பியையும் பிடுங்கிவைக்க வேண்டும்.

கேபினெட்டுக்குள் நிலையாகப் பொருத்தப்பட்ட டிஸ்க் காப்புப் பிரதிக்குப் போதாது என்பதற்கு இன்னொரு காரணம் ரான்சம்வேர். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இந்த நிரல், 2017 மே மாதம் வான்னக்ரை என்ற பெயரில் உலகெங்கும் பரவியபோது, கணினியோடு இணைந்திருந்த எல்லா டிஸ்க்குகளின் கோப்புகளையும் சேர்த்தே பூட்டியது. இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு 1 முறை, ஒரு டிஸ்க் பழுதானால் காக்குமே தவிர, தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழித்துவிடும்.

நீர் வரும்போது

ஹீலியம் அடைத்து மூடிய பெரிய டிஸ்க்குகளைத் தவிர மற்ற ஹார்ட் டிஸ்க்குகளின் மேற்புறத்தை உற்றுப் பார்த்தால், குண்டூசித் தலை அளவுள்ள ஒரு துளையும் அதை மூட வேண்டாம் என்ற எச்சரிக்கையும் காணப்படும். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கு வைத்த மூச்சுத் துளை அது. உள்ளே இருக்கும் வடிகட்டி தூசியைத் தடுக்கும், ஆனால் நீரில் மூழ்கினால் நீரைத் தடுக்காது. கழிவும் சேறும் கலந்த அந்த நீர் தகட்டின் மேல் உலர்ந்தால், நானோமீட்டர் உயரத்தில் மிதக்க வேண்டிய முனைக்கு அந்தப் படிவு மலையாகிவிடும். ஆகவே நனைந்த டிஸ்க்கை, வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஒருமுறைகூட மின்சாரம் கொடுத்து இயக்கக் கூடாது. வெயிலில் காயவைப்பதும் திறந்து துடைப்பதும் கூடாது. அப்படியே பையிலிட்டுத் தகவல் மீட்பு நிபுணரிடம் கொண்டுபோவதொன்றே வழி. நூறில் எத்தனை மீளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத, செலவு மிகுந்த வழி அது.

இதைவிட எளிய வழி முன்கூட்டியே உண்டு. ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 என்ற விதி, எந்தக் கோப்புக்கும் மூன்று பிரதிகள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. மேற்குப் புறநகருக்கு ஏற்ப அதை வகுத்துக்கொண்டால், முதல் பிரதி எஸ்எஸ்டியில். இரண்டாவது கேபினெட்டுக்குள் புதிதாகப் பொருத்திய ஹார்ட் டிஸ்க்கில். மூன்றாவது யுஎஸ்பி கேஸிலிட்ட டிஸ்க்கில். இந்த மூன்றாவதைப் புதிதாக வாங்க வேண்டும் என்பதுகூட இல்லை. 2011 முதல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளுள் திரையோ பேட்டரியோ போய்ப் பரணில் கிடப்பவை பல வீடுகளில் உண்டு. அவற்றின் இரண்டரை அங்குல டிஸ்க் ஸ்மார்ட் குறிப்புகளின்படி நலமாக இருந்தால், சில நூறு ரூபாய் கேஸில் போட்டு ஆவணங்களுக்கும் படங்களுக்கும் பயன்படுத்திவிடலாம். யுஎஸ்பி போர்ட் தரும் 5 வோல்ட் மின்சாரமே அதற்குப் போதும்; மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு மட்டும் 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும்.

அந்த மூன்றாவது பிரதி, நகல் எடுத்து முடிந்ததும் கணினியிலிருந்து கழற்றப்பட்டு, வேறு பகுதியில் மாடி வீட்டில் இருக்கும் அண்ணன், தங்கை அல்லது நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும். இணையச் சேமிப்பும் ஒரு வழிதான் என்றாலும், நொடிக்கு 40 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் 1 டிபியை ஏற்றுவதற்கு ஏறக்குறைய 55 மணி நேரம் ஆகும். அளவில் சிறிய கணக்கும் பத்திர ஸ்கேன்களும் அதற்கு ஏற்றவை. வேறொருவர் வீட்டில் வைக்கும் டிஸ்க்கை பிட்லாக்கர் போன்ற முறையால் பூட்டுவது நல்லது. ஆனால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைக்காவிட்டால், உரியவருக்கே அது திறக்காது.

கேபினெட்டைத் தரையிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பதும், மூன்றாவது பிரதியைப் புதுப்பிப்பதும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலைகள். அவற்றோடு மூன்றாவது ஒன்றும் உண்டு, பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதுவே: நகலிலிருந்து ஒரு படத்தையும் ஒரு டேலி கணக்கையும் வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது. திறந்து பார்க்காத நகல் இருக்கிறது என்று சொல்ல முடியாது; திறந்து பார்த்து, மழைநீர் எட்டாத உயரத்தில், வேறொரு கூரையின் கீழ் வைத்துவிட்டால்தான், இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்குக் கொடுத்த பணம் அதற்குரிய பயனைத் தந்ததாகும்.